மலைக் கணவாயில் ஓடும் காற்றாலை மொட்டை மாடியில் ஏன் ஓடுவதில்லை?

2025 மார்ச் முடிவில் இந்தியாவின் காற்றாலை நிறுவுதிறன் 50 ஜிகாவாட்டைத் தாண்டியது. சீனா, அமெரிக்கா, ஜெர்மனிக்கு அடுத்தபடியாக உலகில் நான்காம் இடம். இதற்கு ஓராண்டு முன்பு, 2024 பிப்ரவரியில், வீட்டுக் கூரைகளுக்கான பிரதமரின் சூர்ய கர் திட்டம் தொடங்கியது. 3 கிலோவாட் சூரியத் தகடு பொருத்தும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தரும் திட்டம் அது. இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது: சூரியன் வீட்டுக் கூரைக்கு வந்துவிட்டது, காற்று மட்டும் ஏன் வரவில்லை? போதாக்குறைக்கு, "மாடியில் வையுங்கள், மின்கட்டணமே இராது" என்று சின்னக் காற்றாடிகளுக்கு விளம்பரங்கள் வேறு ஓடிக்கொண்டிருக்கின்றன.

நாட்டளவில் காற்றாலை வளர்ந்ததற்கு எது காரணமோ, அதேதான் வீட்டு மாடிக்கு அது வராததற்கும் காரணம். இடம், உயரம், விசிறியின் அகலம் ஆகிய மூன்றும்தான் அது. இவற்றின் கணக்கு புரிந்தால் விளம்பரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடலாம்.

கிலோவாட் வேறு, யூனிட் வேறு

குழப்பத்தில் பாதி இங்கே தொடங்குகிறது. நிறுவுதிறன் என்பது நல்ல காற்றில் இயந்திரம் எட்டக்கூடிய உச்ச அளவு. அது கிலோவாட், மெகாவாட், ஜிகாவாட்டில் சொல்லப்படும். 1 ஜிகாவாட் என்பது 10 லட்சம் கிலோவாட். உண்மையில் கிடைக்கும் மின்சாரத்தை யூனிட்டில் அளக்கிறோம். 1 கிலோவாட் இயந்திரம் ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 1 யூனிட்.

2023-24 நிதியாண்டில் இந்தியக் காற்றாலைகள் சுமார் 8,300 கோடி யூனிட் தந்தன. அந்த ஆண்டின் சராசரி நிறுவுதிறன் 44 ஜிகாவாட் அளவில் இருந்தது. அத்தனையும் ஆண்டு முழுவதும் நிற்காமல் முழுத் திறனில் ஓடியிருந்தால் 38,500 கோடி யூனிட் வந்திருக்கும். வந்தது அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இந்த விகிதத்தைத் துறையில் பிஎல்எஃப் என்பார்கள். நாட்டின் மொத்த நிறுவுதிறனில் காற்றாலை பத்தில் ஒரு பங்கு இருந்தும், மொத்த மின்சாரத்தில் அதன் பங்கு 5 விழுக்காட்டை ஒட்டியே நிற்பது இதனால்தான். பழுதோ குறையோ அல்ல, காற்றின் இயல்பு அது. "50 ஜிகாவாட்" என்ற தலைப்பை "50 ஜிகாவாட் அனல் மின்சாரத்துக்குச் சமம்" என்று வாசித்தால் மட்டுமே தவறு.

காற்றின் கணக்கு

மூன்று விதிகள் போதும்.

1. காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோ. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும்போது, விசிறி சுழலும் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 15 வாட் கடந்து போகிறது. 6 மீட்டரில் 124 வாட். 12 மீட்டரில் 990 வாட்டுக்கு மேல். வேகம் நான்கு மடங்காகும்போது ஆற்றல் 64 மடங்காகிறது.

2. அந்த ஆற்றல் முழுவதையும் எந்த இயந்திரமும் பிடிக்க முடியாது. முழுவதையும் பிடித்தால் காற்று விசிறிக்குப் பின்னால் அசையாமல் நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி இராது. இதன் உச்ச வரம்பு 59.3 விழுக்காடு. ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் நூறாண்டுக்கு முன் வகுத்த எல்லை இது. இன்றைய பெரிய இயந்திரங்கள் நல்ல நிலையில் 45 விழுக்காட்டை ஒட்டி எடுக்கின்றன. வீட்டளவு இயந்திரங்கள் 20 முதல் 30 விழுக்காடு.

3. தரையிலிருந்து மேலே போகப் போக வேகம் கூடும். மரமும் வீடும் மேடுபள்ளமும் கீழ்க்காற்றைப் பிடித்து இழுக்கின்றன. திறந்த சமவெளியில் 10 மீட்டர் உயரத்தில் உள்ளதைவிட 140 மீட்டர் உயரத்தில் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மூன்றாம் அடுக்கு விதியையும் சேர்த்தால் ஆற்றல் மும்மடங்கு.

விசிறியின் பரப்பு அதன் விட்டத்தின் இருமடியில் வளரும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். விட்டத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. அதனால் காற்றாலையில் சிறிது என்பது பெரிதின் குட்டி அல்ல. சூரியத் தகட்டை நூறில் ஒரு பங்காக வெட்டினால் நூறில் ஒரு பங்கு மின்சாரம் வரும். காற்றாலையை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் அதன் கோபுரமும் குட்டையாகிவிடுகிறது. கீழே இருக்கும் மெலிந்த காற்றையே அது தின்ன வேண்டியிருக்கிறது.

கணவாய்கள் தந்த தொடக்கம்

இந்தியாவில் காற்றாலைக் கதை தொடங்கியது 1986-இல். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, குஜராத்தில் ஓகா, மகாராட்டிரத்தில் ரத்னகிரி ஆகிய கடலோரங்களில் 55 கிலோவாட் இயந்திரங்களை அரசு நட்டுப் பார்த்தது. அதன் பிறகு தமிழ்நாடு முந்தியதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதி, இடைவெளி கிடைக்கும் இடங்களில் பிதுங்கி வெளியேறுகிறது. அப்போது வேகம் கூடுகிறது. அந்த இடைவெளிகள் நான்கு:

- பாலக்காட்டுக் கணவாய்: பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை
- செங்கோட்டைக் கணவாய்: தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் பக்கம்
- ஆரல்வாய்மொழிக் கணவாய்: முப்பந்தல், பணகுடி, இராதாபுரம்
- கம்பம் பள்ளத்தாக்கு: தேனி, ஆண்டிபட்டி

மே முதல் செப்டம்பர் வரை இங்கே காற்று ஓயாது. இதைத்தான் காற்றாலைக்காரர்கள் "சீசன்" என்கிறார்கள். ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி இந்த ஐந்து மாதத்தில் வந்துவிடும்.

நிறுவுதிறனில் நெடுங்காலம் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது. 2023-இல் குஜராத் முந்தியது. 2025 மார்ச் முடிவில் குஜராத்தில் 12 ஜிகாவாட்டுக்கு மேல், தமிழ்நாட்டில் 11.7 ஜிகாவாட், அடுத்து கருநாடகத்தில் 7 ஜிகாவாட்டுக்கு மேல் இருந்தது. குஜராத்தின் வேகத்துக்குக் கச்சுப் பகுதியின் பரந்த தரிசு நிலம் பெரிய காரணம். தமிழ்நாட்டின் நல்ல இடங்கள் முன்பே நிறைந்துவிட்டன. நிறைந்தவை பழைய சின்ன இயந்திரங்களால் என்பதே சிக்கல். அதைப் பிறகு பார்ப்போம்.

வரிச்சலுகை, பிறகு ஏலம்

முதல் கால் நூற்றாண்டில் காற்றாலையை நட்டவர்களில் பெரும்பாலோர் மின்சார வணிகர்கள் அல்லர், நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளும்தான். அவர்களை ஈர்த்தது விரைவுத் தேய்மானம் என்ற வரிச்சலுகை. 80 விழுக்காடு தேய்மானம் என்றால், 1 கோடி ரூபாய் இயந்திரம் வாங்கிய நிறுவனம் முதல் ஆண்டிலேயே தன் இலாபத்தில் 80 லட்சத்தைக் கழித்துக் காட்டலாம். 30 விழுக்காடு வரிக்கணக்கில் 24 லட்சம் ரூபாய் அப்போதே மிச்சம். காற்றாலை எவ்வளவு ஓடும் என்பதற்கு முன்பே இந்த ஆதாயம் கையில் வந்துவிடும். ஆலைக்குச் சொந்த மின்சாரமும் ஆயிற்று.

2012-இல் இச்சலுகை நின்றது, 2014-இல் திரும்ப வந்தது, 2017-இல் 40 விழுக்காடாகக் குறைந்தது. புதிய இயந்திரங்கள் நடுவது இந்த ஆணைகளோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை தரும் திட்டம் 2009-இல் வந்தது. சலுகையை இயந்திரத்தின் விலையோடு கட்டாமல் உற்பத்தியோடு கட்டிய அந்த யோசனை சரியானது. முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் இன்று பல பழைய காற்றாலைகள் இன்னும் நல்ல இடத்தில், இன்னும் நல்ல பராமரிப்பில் இருந்திருக்கும்.

பெரிய திருப்பம் 2017 பிப்ரவரி ஏலம். அதுவரை மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் யூனிட் விலையை நிர்ணயித்துவந்தன. முதல் தேசிய ஏலத்தில் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு. வாங்கும் மின்வாரியங்கள் பழைய விலையில் புதிதாகக் கையெழுத்திட மறுத்தன. விற்கும் நிறுவனங்களோ அந்த விலைக்குக் கட்டுப்படியாகும் மிகச் சிறந்த காற்றிடங்களைத் தவிர வேறெங்கும் போகவில்லை. எல்லோரும் ஒரே சில வட்டங்களில் நிலமும் மின்பாதையும் தேடியதால் நில விலை ஏறியது, துணைமின் நிலையங்களில் இடம் தீர்ந்தது. 2016-17-இல் 5.5 ஜிகாவாட் சேர்ந்த நாட்டில் 2017-18-இல் 1.8 ஜிகாவாட் கூடச் சேரவில்லை.

மீட்சி மெதுவாக வந்தது. 2024-25-இல் 4.15 ஜிகாவாட் சேர்ந்தது. அதே ஆண்டில் சூரிய மின்சாரம் 23 ஜிகாவாட்டுக்கு மேல் சேர்ந்ததோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான். ஆனால் அந்தச் சூரிய வளர்ச்சியே இப்போது காற்றாலைக்கு வேலை தருகிறது. பகலில் மின்சாரம் மிகுந்துவிட்டது. தேவை மாலையிலும் இரவிலும் இருக்கிறது. அந்த நேரத்தில் ஓடக்கூடியது காற்று. அதனால் இன்றைய ஒப்பந்தங்கள் பலவும் சூரியன், காற்று, மின்கலம் மூன்றையும் கலந்து கேட்கின்றன.

இயந்திரம் ஏன் இவ்வளவு பெரிதாயிற்று

1990-களில் தமிழ்நாட்டில் நிறைய நடப்பட்ட 225 கிலோவாட் இயந்திரத்தின் விசிறி விட்டம் 27 மீட்டர். பரப்பு சுமார் 570 சதுர மீட்டர். இன்று நடப்படும் 3.15 மெகாவாட் இயந்திரத்தின் விட்டம் 144 மீட்டர், பரப்பு சுமார் 16,300 சதுர மீட்டர், அச்சின் உயரம் 140 மீட்டருக்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. திறன் 14 மடங்குதான் கூடியிருக்கிறது, பரப்போ 28 மடங்கு. அதாவது ஒவ்வொரு கிலோவாட் ஜெனரேட்டருக்கும் முன்பைவிட இரு மடங்கு அகலமான விசிறி. மெல்லிய காற்றிலேயே ஜெனரேட்டர் நிறைந்துவிடுகிறது. பழைய இயந்திரம் 15 முதல் 20 விழுக்காடு பிஎல்எஃப் தந்த இடத்தில் புதியது 30-ஐத் தாண்டுவது இதனால்தான். ஐரோப்பாவைப்போல் நமக்குக் கடுங்காற்று இல்லை. மெல்லிய காற்றுக்கு ஏற்ற இந்த வடிவமே இந்தியாவுக்கு உகந்தது.

உயரத்தின் மதிப்பைத் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் மதிப்பீடே காட்டும். 100 மீட்டர் உயரத்தில் நாட்டின் வாய்ப்பு 302 ஜிகாவாட். 120 மீட்டரில் 695. 150 மீட்டரில் 1,164. தமிழ்நாட்டுக்கு மட்டும் முறையே 34, 69, 95.

அப்படியானால் முப்பந்தலின் பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை நட்டுவிடலாமே? மத்திய அரசு 2023 டிசம்பரிலும் தமிழ்நாடு அரசு 2024-லும் இதற்கான கொள்கைகளை வெளியிட்டன. நடைமுறையில் குறுக்கே நிற்பவை:

1. இடைவெளி. ஒன்றின் பின்சுழலில் மற்றொன்று நின்றால் உற்பத்தி விழும், பிளேடும் கியர்பாக்ஸும் சீக்கிரம் தேயும். வழக்கமான விதி: ஒரு திசையில் விட்டத்தின் 5 மடங்கு, காற்றுத் திசையில் 7 மடங்கு. 27 மீட்டர் விசிறிக்கு 135-க்கு 189 மீட்டர் போதும். 144 மீட்டர் விசிறிக்கு 720-க்கு 1,008 மீட்டர் வேண்டும். அந்தப் பரப்பில் பல பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆலைக்குச் சொந்தம். அத்தனை பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

2. பாதை. 70 மீட்டர் நீளப் பிளேடைக் கிராமச் சாலை வளைவில் திருப்புவதற்கு வீடு, மரம், மின்கம்பம் பலவும் தடை.

3. மின்பாதை. பழைய இயந்திரங்களுக்குப் போட்ட கம்பிகளும் மின்மாற்றிகளும் புதியதன் சுமையைத் தாங்கா.

4. பழைய உரிமை. முன்பே நட்ட இயந்திரங்களுக்குச் சீசனில் உபரியாகும் யூனிட்டை மின்வாரியக் கணக்கில் "பேங்கிங்" வைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. புது இயந்திரம் நட்டால் அந்த உரிமை போய்விடுமோ என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதைத் தீர்க்காமல் மறுநிறுவல் வேகம்பிடிக்காது.

சீசனில் என்ன நடக்கிறது

சீசன் உச்சத்தில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தருவதுண்டு. சனவரி, பிப்ரவரியில் அதில் சிறு துளியே வரும். காற்று கூடும்போது அனல் நிலையங்களைத் தணிக்க வேண்டும். அவற்றை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. இரவில் தேவை குறைந்து காற்று மிகுந்தால் காற்றாலைகளுக்கே "நிறுத்து" என்று ஆணை வரும். கயத்தாறு, தேனி மாவட்டத்துத் தப்பகுண்டு போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் எழுந்த பிறகு மின்பாதை நெருக்கடி தணிந்தது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் உபரி மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது இறக்குகிறது. இன்னும் பல காடம்பாறைகள் தேவை.

இனி வீட்டு மாடி

விற்பனைக்கு வரும் 1 கிலோவாட் காற்றாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேர்மையாக வடிவமைத்த இயந்திரமானால் விசிறி விட்டம் சுமார் 2.5 மீட்டர், பரப்பு 4.9 சதுர மீட்டர். அது 1 கிலோவாட் தருவது நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில். ஆண்டுச் சராசரி வேகத்தைப் பொறுத்து அது தரக்கூடிய மின்சாரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

- சராசரி நொடிக்கு 3 மீட்டர்: ஆண்டுக்கு 200 யூனிட்
- 4 மீட்டர்: 600 யூனிட்
- 5 மீட்டர்: 1,200 யூனிட்
- 6 மீட்டர்: 1,900 யூனிட்

தமிழ்நாட்டின் பெரும்பாலான உள்நாட்டு ஊர்களில் மாடி உயரத்தில் ஆண்டுச் சராசரி 2 முதல் 3 மீட்டர்தான். சின்னக் காற்றாடிகள் சுழலத் தொடங்குவதே 3 மீட்டரில். 1 கிலோவாட் சூரியத் தகடு இதே ஊர்களில் ஆண்டுக்கு 1,400 யூனிட்டுக்குக் குறையாமல் தருகிறது. அதில் அசையும் பாகம் எதுவுமில்லை.

வேகக் குறைவு பாதிக் கேடு. சுழற்காற்று மீதிக் கேடு. ஒரு தடையின் உயரத்தைப்போல் இருமடங்கு உயரம் வரையும், அதன் பின்னால் இருபது மடங்கு தொலைவு வரையும் காற்று குழம்பிக் கிடக்கும். 7 மீட்டர் வீட்டின் மாடியில் 3 மீட்டர் குழாய் நட்டு விசிறி வைத்தால் அது அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் நிற்கும். திசை நொடிக்கு நொடி மாறும். விசிறி காற்றைத் தேடித் திரும்பிக்கொண்டே இருக்கும், உற்பத்தி செய்யாது. திரும்பும் ஒவ்வொரு முறையும் பிளேடின் அடிப்பாகமும் பேரிங்கும் அடிவாங்கும்.

பிரிட்டனில் 2007-08-இல் வாரிக் காற்றுச் சோதனை என்ற ஆய்வு, கட்டடங்களின்மேல் பொருத்திய 26 சிறு காற்றாடிகளை அளந்தது. நிறுத்திவைத்த நேரத்தையும் சேர்த்தால் சராசரி பிஎல்எஃப் 0.85 விழுக்காடு. 1 கிலோவாட் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 75 யூனிட் என்று பொருள். உயரமான அடுக்குமாடிகளின்மேல் இருந்தவை நன்றாக ஓடின. ஆனால் சத்தம் தாளாமல் குடியிருப்போர் முறையிட, அவற்றையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. காற்று மிகுந்த பிரிட்டனில் இந்நிலை.

செங்குத்து அச்சுக் காற்றாடி இதற்குத் தீர்வு என்று சொல்லப்படுகிறது. எந்தத் திசைக் காற்றிலும் சுழலும் என்பது உண்மை. ஆனால் பிடிக்கும் பங்கு கிடைமட்ட அச்சு இயந்திரத்தைவிடக் குறைவு. கிண்ணம்போல் வளைந்த வகை காற்றின் தள்ளலில் மட்டும் ஓடுவதால் இன்னும் குறைவு. இல்லாத காற்றை எந்த வடிவமும் உண்டாக்காது.

பாகங்களும் பழுதுகளும்

கிடைமட்ட அச்சு வீட்டுக் காற்றாடியில் இருப்பவை: மூன்று பிளேடு, நிலைக்காந்த ஜெனரேட்டர், திசை திருப்பும் வால், சுழலும் தலையிலிருந்து மின்சாரத்தை இறக்கும் சிலிப் ரிங், கோபுரம், பிரேக் சுவிட்ச், மூன்று கட்ட மின்சாரத்தை நேர்மின்னாக்கும் ரெக்டிஃபயர், சார்ஜ் கன்ட்ரோலர், டம்ப் லோடு என்னும் வெப்பச்சுருள், மின்கலம், இன்வெர்ட்டர். பழுதுகள் வழக்கமாக வரும் இடங்கள்:

1. சுமை அறுந்து விசிறி வெறியோட்டம் ஓடுவது. சூரியத் தகட்டின் இணைப்பைக் கழற்றினால் அது சும்மா இருக்கும். காற்றாடியின் இணைப்பைக் கழற்றினால் தடுக்கும் விசை போய், வேகம் ஏறிக்கொண்டே போய், பிளேடு பறக்கும். மின்கலம் நிறைந்ததும் உபரியை எரித்துத் தீர்க்க டம்ப் லோடு கட்டாயம். சூரியத் தகட்டுக்கான கன்ட்ரோலரை இதில் மாட்டக் கூடாது. மின்கலம் நிறைந்ததும் அது இணைப்பையே துண்டித்துவிடும்.

2. வால் மடங்காமை. கடுங்காற்றில் வால் மடங்கி விசிறியைப் பக்கவாட்டில் திருப்பிக் காப்பாற்ற வேண்டும். கடலோரத்தில் அந்தக் கீல் இரண்டே மழைக்காலத்தில் துருவேறி இறுகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் வைக்காதவர்கள் இயந்திரத்தை இழக்கிறார்கள்.

3. கம்பியில் இழப்பு. 24 வோல்ட்டில் 1 கிலோவாட் என்றால் 42 ஆம்பியர். அதை நேர்மின்சாரமாக மாற்றி 30 மீட்டர் தொலைவுக்கு 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் கொண்டுவந்தால் 7 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். 48 வோல்ட் அமைப்பில் ஆம்பியரும் வோல்ட் இழப்பும் பாதி. இழப்பின் விகிதம் கால் பங்காகும்.

4. கூரை அதிர்வு. குழாயைக் கைப்பிடிச் சுவரில் போல்ட் போட்டு இறுக்குவது பரவலான தவறு. விசிறியின் அதிர்வு காங்கிரீட் தளத்துக்கு இறங்கும். படுக்கையறையில் முனகல் கேட்கும், சுவரின் அடியில் விரிசல் விடும்.

5. புயல். இந்தியத் தர நிர்ணயம் 875 சென்னைக்கு வகுத்த அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் கோவைக்கும் 39. நொடிக்கு 50 மீட்டர் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் 140 கிலோ எடைக்கு மேல் தள்ளும். கோபுரமும் இழுகம்பியும் அதற்குக் கணக்கிடப்பட்டவையா என்று பொறியாளர் எழுதித் தர வேண்டும்.

வாங்கும் எண்ணம் இருந்தால்

1. வாட் எண்ணைப் பார்க்காதீர்கள். விட்டத்தையும், எந்த வேகத்தில் அந்த வாட் என்பதையும் கேளுங்கள். "1 மீட்டர் விட்டம், நொடிக்கு 8 மீட்டரில் 1 கிலோவாட்" என்றால் பொய். அந்தப் பரப்பில் அவ்வேகத்தில் வரும் காற்றிலேயே 230 வாட்தான் இருக்கிறது. பெட்ஸ் எல்லைப்படி 137 வாட்டுக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது.

2. நொடிக்கு 5 மீட்டர் ஆண்டுச் சராசரியில் எத்தனை யூனிட் என்ற சோதனைச் சான்று கேளுங்கள். சிறு காற்றாலைகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐஇசி 61400-2. நம் நாட்டில் கயத்தாறு சோதனை நிலையத்தில் இவை சோதிக்கப்படுகின்றன.

3. காற்று வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் மாடியைவிட மிக அதிகமான உயரத்துக்கானவை. விசிறி நிற்கப்போகும் உயரத்தில் வேகமானியைக் குறைந்தது ஒரு சீசனும் ஒரு காற்றில்லாக் காலமும் ஓடவிடுங்கள். சுற்றியுள்ள மரங்களையும் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் நிரந்தரமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தால் அங்கே காற்று உண்டு.

4. 150 மீட்டர் தொலைவுக்குள் உள்ள மிக உயர்ந்த தடையைவிட, விசிறியின் கீழ்முனை 10 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். பக்கத்துத் தோப்பில் தென்னை 15 மீட்டர் என்றால் கோபுரம் 26 மீட்டரைத் தாண்டும். தரையில் நட்ட, சாய்த்து இறக்கக்கூடிய கோபுரமாக இருக்கட்டும். பழுது பார்க்க ஏற முடியாத கோபுரம் பழுதோடு நின்றுவிடும்.

5. மின்வாரிய இணைப்பை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் கொண்டுவந்த விதிமுறைகள் சூரியத் தகடுகளுக்கானவை. சூர்ய கர் மானியமும் காற்றாடிக்குக் கிடையாது. சிறு காற்றாலைகளுக்கு மத்திய அமைச்சகம் கிலோவாட்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தந்த பழைய திட்டம் நாடு முழுவதும் சேர்த்தே 3 மெகாவாட்டை ஒட்டி நின்று, முடிந்துபோயிற்று. ஆகவே மின்கலத்தோடு தனித்து ஓடும் அமைப்பாகவே கணக்குப் போட வேண்டும். மின்கலம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய செலவு.

பொருந்தும் இடங்கள்

ஆரல்வாய்மொழி, ஆண்டிபட்டி பக்கத்துத் திறந்த தோட்டம். இராமேசுவரம் போன்ற தீவுக் கடற்கரை. மின்கம்பி எட்டாத செல்போன் கோபுரம், வனத்துறைச் சாவடி. இங்கெல்லாம் உயரமான கோபுரமும் பராமரிக்க ஆளும் இருந்தால் சிறு காற்றாலை பயன்படும். தனியாக அல்ல, சூரியத் தகட்டோடு சேர்த்து. சூன், சூலையில் வானம் மூடியிருக்கும்போதும் இரவிலும் காற்று தரும். பிப்ரவரி வெயிலில் தகடு தரும். மின்கலத்தைச் சிறிதாக வைக்கலாம் என்பதே இந்தக் கலப்பின் ஆதாயம்.

டீசலை நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்துத் தீவுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் கலப்பு மின்னமைப்பு ஏற்படுத்த 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதில் சூரியன் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், மின்கலம் 2,400 யூனிட், துணைக்கு டீசல். கடல் சூழ்ந்த, காற்று நிறைந்த இடத்திலேயே வடிவமைப்பாளர்கள் முக்கால் பங்கைச் சூரியனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குத் திட்டமிடுபவர் முதலில் கூரை முழுவதற்கும் தகடு போடட்டும். இடம் தீர்ந்து, இரவுத் தேவை மீந்து, வேகமானி ஆண்டுச் சராசரியாக 5 மீட்டருக்கு மேல் காட்டினால் அப்போது கோபுரத்துக்கு விலை கேட்கலாம்.